மருந்து கேட்பது: ஒரு சட்டச் சொல்லும் ஒரு மாத்திரையின் விலையும்

மருந்து விலையைப் பற்றி எழுதுவது தமிழ் படித்தவனின் வேலையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பொருளாதாரம் படித்தவர்கள் இருக்கிறார்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள், நீ எதுக்கு நடுவுல என்பது கேள்வியின் உட்பொருள். பதில் எளியது. இந்தியாவில் நடந்த மிகப் பெரிய மருந்து விலைச் சண்டைகளில் ஒன்று, ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்ற சண்டையாகவே நடந்தது. சொல்லுக்குப் பொருள் தேடுவது என் தொழில். அதோடு, அந்தச் சண்டை தொடங்கிய காலத்தில் அந்த மருந்தைத் தேடிக் கடைகடையாக அலைந்தவர்களில் நானும் ஒருவன்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து அதைப் பிழையில்லாமல் கொடுப்பவர். இந்த நாலாவது ஆளுக்கு மருத்துவருக்குச் சமமாக ஓர் இடம் கொடுத்திருப்பதை உரையாசிரியர்களைப் படித்தபோது நான் பெரிதாக எண்ணவில்லை. நாலாவது ஆளாக இருந்து பார்த்த பிறகுதான் அதன் கனம் புரிந்தது. ஆனால் அந்த நான்கில் மருந்துக்குச் 'சொந்தக்காரர்' என்று ஒருவர் இல்லை. விலையும் இல்லை. இந்த ஐந்தாம் ஆள் பிற்காலத்தவர். அவர் எப்படி வந்து உட்கார்ந்தார், யார் அவரை எழுப்பப் பார்த்தார்கள், எந்த அளவுக்கு எழுப்ப முடிந்தது என்பதே இக்கட்டுரை.

1

2003 டிசம்பரில் அம்மாவுக்கு ரத்தப் புற்று என்று சென்னையில் ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். நாட்பட்ட மைலாய்டு வகை. விருத்தாசலம் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சத்துணவுக் கூடத்தில் அம்மா சமையலர். எனக்கு அப்போது பதினாறு வயது. 'கேன்சர்' என்றதும் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. டாக்டர் வேறு மாதிரி பேசினார். இதுக்குன்னே ஒரு மருந்து வந்திருக்கு, தினமும் சாப்பிட்டா இருபது வருஷம்கூட இருக்கலாம், நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான் என்றார். மருந்தின் பெயர் இமாடினிப்.

அவர் சொன்னது மிகையில்லை. இந்த நோயில் 9ஆவது, 22ஆவது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பிறக்கும் ஒரு கோணல் புரதம் ரத்த வெள்ளணுக்களைக் கட்டுப்பாடில்லாமல் பெருக்குகிறது. இமாடினிப் அந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்துகிறது. சிபா-கைகி கம்பெனியின் வேதியியலாளர்கள் செய்த மூலக்கூறு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் பல்கலைக்கழக மருத்துவர் பிரையன் டிரக்கரின் பிடிவாதத்தால் நோயாளிகளிடம் வந்தது. அமெரிக்க அரசு 2001 மே மாதம் அனுமதி கொடுத்தது. அதற்குள் சிபா-கைகியும் சான்டோஸும் 1996இல் ஒன்றாகி நோவார்டிஸ் ஆகியிருந்தன. மருந்தின் வணிகப் பெயர் கிளிவெக்.

இந்தியாவில் கிளிவெக்கின் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் என்று அப்போது பேசப்பட்டது. அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் சில, 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. பன்னிரண்டு, பதினைந்து மடங்கு வித்தியாசம். நாங்கள் வாங்கியது இரண்டாவது ரகம். ஒரு நாளைக்கு நாலு காப்சூல். ஒரு காப்சூல் எழுபது, எண்பது ரூபாய். 'மலிவு விலை மருந்து' என்று எழுதுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கு அந்த மலிவு மருந்து ஒரு வாரத்துக்குக்கூட வராது. அப்பா அரைக்காணி விற்றார். அதில் முதல் வருஷம் ஓடியது.

2004 தொடக்கத்தில் ஒரு நாள் கடைக்காரர் கையை விரித்தார். "சரக்கு வர்றதில்ல தம்பி. கோர்ட்டுல தடை வாங்கிட்டாங்களாம்." யார் தடை வாங்கினார்கள், எந்தக் கோர்ட்டு, எதற்கு என்று எனக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. அடுத்த மூன்று மாதம் எங்கெங்கோ மிச்சமிருந்த சரக்கை மாமாவும் நானும் பொறுக்கினோம். பிறகு தடைக்குள் வராத வேறொரு கம்பெனியின் மருந்து கிடைத்தது. அந்தத் தடை எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான், பல வருஷம் கழித்து, நான் காப்புரிமைச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசிக்கத் தொடங்கினேன்.

2

மருந்துக்குச் சொந்தம் கொண்டாடுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, பொருளுக்கே சொந்தம். இந்த மூலக்கூறை யார் எந்த வழியில் செய்தாலும் என் அனுமதி வேண்டும் என்பது. இன்னொன்று, செய்முறைக்குச் சொந்தம். நான் செய்த வழியில் நீ செய்யாதே, வேறு வழி கண்டுபிடித்தால் செய்துகொள் என்பது. சாம்பாருக்கே சொந்தமா, சாம்பார் வைக்கும் பக்குவத்துக்குச் சொந்தமா என்று வீட்டுப் பாஷையில் கேட்கலாம். முதல் வகையில் போட்டிக்கு இடமில்லை, விலையைச் சொந்தக்காரர் வைப்பார். இரண்டாவது வகையில் மூளையும் அடுப்பும் உள்ள எவரும் உள்ளே வரலாம், விலை இறங்கும்.

வெள்ளைக்கார அரசின் 1911ஆம் வருஷச் சட்டம் முதல் வகையை அனுமதித்தது. காலம் 16 ஆண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு பக்ஷி தேக் சந்த் தலைமையில் 1948இல் ஒரு குழு போட்டார்கள். 1957இல் நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரிடம் அதே வேலையைக் கொடுத்தார்கள். அவர் அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. 1959இல் அவர் தந்த அறிக்கை மேலுக்கு உலர்ந்த சட்ட நூல். உள்ளே போனால், காலனியம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே காலனியத்தைப் பற்றிப் பேசுகிற பிரதி. இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டாருடையவை, அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே தொழிலாக நடத்தப்படவே இல்லை என்று அவர் காட்டினார். அதாவது வயலை உழுவதற்காக அல்ல, வேறொருவன் உழாமல் இருப்பதற்காகப் பட்டா வாங்கி வைத்திருக்கிறார்கள். உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக் காப்புரிமை மட்டுமே போதும் என்பது அவர் பரிந்துரை.

இது ஏழை நாட்டுக் குறுக்குவழி என்று பிறகு ஏளனம் செய்தார்கள். அய்யங்கார் எடுத்துக்காட்டிய நாடுகளில் ஒன்று ஜெர்மனி. வேதிப்பொருட்களுக்குச் செய்முறைக் காப்புரிமை மட்டும் கொடுத்தே அதன் வேதித்தொழில் வளர்ந்தது. நோவார்டிஸின் தாய்நாடான சுவிட்சர்லாந்தும் 1970களின் பிற்பகுதி வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. ஏறி முடித்த பிறகு ஏணியை எடுப்பதற்குப் பெயர் 'உலகத் தரம்'.

அய்யங்கார் அறிக்கை சட்டமாக இன்னும் பதினோரு ஆண்டு பிடித்தது. இடையில் 1961இல் அமெரிக்க செனட்டர் கெஃபாவரின் குழு, சில மருந்துகளின் விலை இந்தியாவில் உலகிலேயே மிக அதிகமான விலைகளில் ஒன்றாக இருக்கிறது என்று பதிவு செய்தது. ஏழை நாட்டில் விலையும் குறைவாகத்தான் இருக்கும் என்ற நம் பொதுப்புத்திக்கு இது அடி. 1970இல் புதுச் சட்டம் நிறைவேறி 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மருந்துக்குப் பொருள் காப்புரிமை போனது. செய்முறைக் காப்புரிமையும் ஐந்து அல்லது ஏழு ஆண்டில் முடிந்தது. பிம்ப்ரியில் 1954இலேயே தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் போன்ற அரசு ஆலைகளில் வேலை பழகிய ஒரு தலைமுறைக்கு இப்போது வழி திறந்தது. முப்பது ஆண்டில் இந்தியா உலகத்துக்கு மருந்து அனுப்பும் நாடாயிற்று. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தபோது, 2001இல் சிப்லா 350 டாலர் என்று சொன்னது இந்த வரலாற்றின் விளைச்சல்தான். அம்மாவின் காப்சூலும் இதே விளைச்சல்.

3

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு வந்தது. மருந்துக்கும் பொருள் காப்புரிமை கொடுத்தே ஆக வேண்டும், இந்தியாவுக்கு 2005 வரை தவணை என்றார்கள். தவணைக் காலத்திலும் விண்ணப்பங்களை வாங்கி ஒரு 'அஞ்சல்பெட்டி'யில் போட்டு வைக்க வேண்டும். அதுவரை விண்ணப்பதாரருக்குத் தனி விற்பனை உரிமை தரலாம்.

இமாடினிப் மூலக்கூறுக்கு வெளிநாடுகளில் காப்புரிமை கேட்டது 1990களின் தொடக்கத்தில். இந்தியாவில் அப்போது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. ஆகவே பிறகு அதன் மெசிலேட் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு, 'பீட்டா' வடிவத்துக்கு, 1998 ஜூலை 17 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டார்கள். அதன் எண் 1602/எம்.ஏ.எஸ்./1998. ஊர் 1996இலேயே சென்னை ஆகிவிட்டது, கோப்பில் மட்டும் மெட்ராஸ் மிஞ்சியிருந்தது. 2003 நவம்பரில் நோவார்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதைக் காட்டி 2004 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சில இந்தியக் கம்பெனிகளுக்கு எதிராகத் தடை வாங்கினார்கள். எங்கள் கடைக்காரர் கைவிரித்த காரணம் இதுதான். பம்பாய் உயர் நீதிமன்றம் இதே மாதிரியான தடையை அதே ஆண்டுக் கடைசியில் மறுத்துவிட்டது.

2005இல் சட்டத்தைத் திருத்த வேண்டிய கட்டாயம். பொருள் காப்புரிமை திரும்ப வந்தது. ஆனால் இடதுசாரிகளின் அழுத்தத்தில், நாடாளுமன்ற விவாதத்தின் கடைசிக் கட்டத்தில், 3(டி) என்ற பிரிவில் சில சொற்கள் சேர்ந்தன. அதன் சாரம்: ஏற்கெனவே அறிந்த பொருளின் புதிய வடிவம், அதன் அறிந்த 'எஃபிகஸி'யைக் கூட்டவில்லையென்றால், கண்டுபிடிப்பு ஆகாது. உப்பு, எஸ்டர், படிக வடிவம் எல்லாம் ஒரே பொருளாகவே கொள்ளப்படும்.

இது தமிழ் மாணவனுக்குப் பழகிய இடம். நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல்நூலின் கருத்தை ஒத்துக்கொண்டு, பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்தால் அது வழிநூல். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் வழிநூலை முதல்நூல் என்று சொல்லிக்கொண்டு வந்தால் அரங்கேறாது. ஒரு மருந்தின் இருபதாண்டு முடிகிற நேரத்தில் அதன் உப்புக்கு இன்னொரு இருபது, படிகத்துக்கு இன்னொரு இருபது என்று நீட்டிக்கொண்டே போகிற வழக்கத்துக்கு 'என்றும் பசுமை' என்று தொழில் வட்டாரத்தில் பெயர். 3(டி) அதற்குப் போட்ட வேலி. வேலியின் முளை 'எஃபிகஸி' என்ற ஒரே சொல். அதைச் சட்டம் வரையறுக்கவில்லை.

புற்றுநோயாளிகளுக்கான பம்பாய்த் தொண்டு அமைப்பு ஒன்றும் நாட்கோ, சிப்லா முதலிய கம்பெனிகளும் எதிர்ப்பு மனு போட்டன. 2006 ஜனவரி 25 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அதோடு தனி விற்பனை உரிமையும் போயிற்று. நோவார்டிஸ் அடுத்து 3(டி) பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 'எஃபிகஸி' என்பது தெளிவில்லாத சொல், அதிகாரி தன் இஷ்டத்துக்குப் பொருள் கொள்வார், ஆகவே சமத்துவ உரிமைக்கு விரோதம் என்பது வாதம். சொல்லுக்கு நிலையான பொருள் இல்லை என்ற, நம் சிறுபத்திரிகைகள் பத்து ஆண்டு கொண்டாடிய கருத்து, ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் வக்கீல் வாயில் வந்தது. பொருளின் நிச்சயமின்மை எப்போதும் ஒடுக்கப்பட்டவன் பக்கமே நிற்கும் என்று நம்பியிருந்தோம். அது யார் கூப்பிட்டாலும் போகும்.

2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் தீர்ப்பளித்தார்கள். அவர்கள் ஒரு மருத்துவ அகராதியைத் திறந்தார்கள். டோர்லாண்ட். எஃபிகஸி என்றால் நோயைத் தீர்க்கும் விளைவைத் தரும் ஆற்றல். சொல் தெளிவாகவே இருக்கிறது, பிரிவு செல்லும் என்றார்கள். இதில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் பின்னாளில் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். ஒரு சொல்லை இடம் மாற்றும்போது எது கூட வரும், எது வராது என்று தெரிந்த கை இந்தத் தீர்ப்பிலும் இருந்தது என்று நான் நினைத்துக்கொள்வது வெறும் தமிழ்ப் பற்றாக இருக்கலாம்.

'எஃபிகஸி'யைத் தமிழில் என்ன சொல்வது? பலன், பயன்திறன், வினைத்திறன் என்று கலைச்சொல் அகராதிகள் தரலாம். எங்கள் ஊரில் அதற்கு ஒரு வினைச்சொல் இருக்கிறது. 'கேட்பது.' மூணு மாசம் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர், "மருந்து நல்லா கேக்குதும்மா" என்றார். அம்மா வெளியே வந்து என்னிடம், "கேக்குதாம்டா" என்றாள். நோய் மருந்தின் பேச்சைக் கேட்கிறது, அடங்குகிறது. மருந்து வாய்க்குள் போவதும் வயிற்றில் கரைவதும் ரத்தத்தில் ஏறுவதும் கேட்பது ஆகாது.

வழக்கு முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் நின்றது. பீட்டா வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றது கம்பெனி. பொடி நன்றாக ஓடுகிறது, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது, நிலையாக இருக்கிறது என்றது. இவை ஆலைக்கும் கிடங்குக்கும் நல்ல குணங்கள். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் கேட்டது, இதனால் நோய் கூடுதலாகக் குணமாகிறதா, அதற்கு ஆதாரம் எங்கே என்பதே. கூடுதலாகச் சேர்வது கூடுதலாகத் தீர்ப்பதாக நிரூபிக்கப்படவில்லை. நோயைத் தீர்க்கும் மருந்துக்கு எஃபிகஸி என்றால் தீர்க்கும் திறன்தான் என்று முடித்தார்கள். விண்ணப்பம் போட்டுப் பதினைந்து ஆண்டு ஆகப்போகிறது. அம்மா மருந்து சாப்பிடத் தொடங்கி ஒன்பது ஆண்டு கடந்திருந்தது.

ஒன்றை மிகைப்படுத்தக் கூடாது. 2005 திருத்தத்திலேயே, ஏற்கெனவே மருந்தைத் தயாரித்து விற்றுவந்தவர்கள் நியாயமான ராயல்டி கொடுத்துத் தொடரலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. நோவார்டிஸ் ஜெயித்திருந்தால் மறுநாளே எங்கள் கடை காலியாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் 3(டி) என்ற வேலி போயிருக்கும். அடுத்து வரும் நோயாளிகளுக்கு அந்த இழப்பு விழுந்திருக்கும்.

4

வழக்கு நடந்தபோது கம்பெனி சொன்ன இன்னொரு பதிலையும் பேச வேண்டும். இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு நாங்கள் கிளிவெக்கை இலவசமாகவே தருகிறோம், விலை எங்கே பிரச்சினை என்றது. இது பொய்யில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அந்தத் திட்டத்தில் பிழைத்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு தர்மத்தைக் கேலி பேசுகிற உரிமை எனக்கில்லை.

ஆனால் தானம் ஒரு விலையைப் பாதுகாக்கிறது. 1,20,000 என்ற எண் ஆடாமல் நிற்பதற்கு இலவசம் முட்டுக்கொடுக்கிறது. தானம் வாங்குகிறவர் தன் வறுமையை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுப்பவர் நிறுத்தினால் கேட்க வழியில்லை. விலை இறங்கினால் யாரிடமும் யாரும் ஏழை என்று எழுதிக் கொடுக்க வேண்டாம், கடையில் காசு கொடுத்து வாங்கலாம். படியளப்புக்கும் கூலிக்கும் உள்ள வேறுபாடு தெரிந்த சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சிச் செலவை யார் தருவது என்ற கேள்வி உண்மையானது. ஆனால் விலைக்கும் அந்தச் செலவுக்கும் உள்ள உறவு நாம் நினைக்கிற மாதிரி இல்லை. அமெரிக்காவில் 2001இல் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலராக இருந்த இதே மருந்து 2012இல் சுமார் 92,000 டாலர் ஆனது. கண்டுபிடிப்பு ஒரு தடவைதான் நடந்தது, விலை மூன்று மடங்கானது. இந்த நோயின் மருத்துவர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து 2013இல் 'ப்ளட்' என்ற ஆய்விதழில் இந்த விலைகளைக் கண்டித்து எழுதினார்கள்.

5

காப்புரிமை போனால் விலை இறங்கிவிடும் என்று நினைத்திருந்த எனக்கு அடுத்த பாடம் 2011இல் கிடைத்தது. ஒரு தனியார் மருத்துவமனைக்குள் இருந்த மருந்துக்கடையில் அட்டையில் அச்சிட்ட விலைக்கு ஒரு பைசா குறைக்க மாட்டோம் என்றார்கள். அவசரம், வாங்கினோம். அடுத்த மாதம் மொத்த விலைக் கடை ஒன்றில் அதே கம்பெனி, அதே மாத்திரை, அச்சிட்ட விலையில் பாதிக்கும் கீழே. கடைக்காரர் சிரித்தார். "அட்டையில இருக்கிறது உங்களுக்குத் தம்பி. எங்களுக்கு வேற கணக்கு." காப்புரிமைச் சுவர் இடிந்த இடத்தில் விலாசமில்லாத இன்னொரு சுவர் நின்றது.

இதற்கும் வரலாறு உண்டு. 1974இல் அமைத்த ஜெய்சுக்லால் ஹாத்தி குழு 1975இல் தந்த அறிக்கையில், மருந்துகளுக்கு வணிகப் பெயரைப் படிப்படியாக ஒழித்து மூலப் பெயரிலேயே விற்க வேண்டும் என்றது. டாக்டர் பெயரை எழுதுகிறார், நோயாளி காசு கொடுக்கிறார். தேர்ந்தெடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர். இந்த இடைவெளியில்தான் வணிகப் பெயர் குடியிருக்கிறது. அரசு ஐந்தே ஐந்து மருந்துகளுக்கு வணிகப் பெயரை நீக்கப் பார்த்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின, அது அங்கேயே முடிந்தது. விலைக் கட்டுப்பாடும் தேய்ந்தது. 1979 ஆணையில் 347 மருந்துகள், 1987இல் 142, 1995இல் 74. 2013 ஆணை பட்டியலை மறுபடி பெரிதாக்கியது, ஆனால் உச்ச விலையைத் தயாரிப்புச் செலவிலிருந்து கணக்கிடாமல் சந்தையில் நிலவும் விலைகளின் சராசரியிலிருந்து எடுத்தது. ஏறிய விலைகளின் சராசரி ஏறியதாகத்தானே இருக்கும். புற்றுநோய் மருந்துகள் 42இல் வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய மருந்து விலை ஆணையம் சொன்னது 2019 பிப்ரவரியில்தான். எட்டு வருஷத்துக்கு முன் கடைக்காரர் சிரித்த சிரிப்பை அரசு அன்று ஒப்புக்கொண்டது.

ஹாத்தி சொன்னதை வேறு வழியில் செய்து காட்டியது நம் பக்கத்து உதாரணம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கி 1995 ஜனவரியிலிருந்து வேலை செய்கிறது. தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல், மூலப் பெயரில் டெண்டர், மாநிலம் முழுவதுக்கும் ஒரே கொள்முதல், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். இதில் மேதைமை எதுவும் இல்லை, மளிகைக் கணக்குதான். மொத்தமாகவும் பெயரில்லாமலும் வாங்கினால் விலை இறங்கும் என்பது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்த சங்கதி. அரசு ஆஸ்பத்திரி மாத்திரை 'கேக்காது' என்று நம் நடுத்தர வர்க்கம் இன்றும் சொல்கிறது. மருந்தைப் பரிசோதனைக்கு அனுப்பித் தேறிய பிறகே கிடங்கிலிருந்து விடுகிறார்கள் என்பதை அது கேட்டுக்கொள்வதில்லை. வணிகப் பெயரின் மகிமை காதில் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. 2008 முதல் மக்கள் மருந்தகங்கள், 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் என்று கடைகள் வந்தாலும், சீட்டில் கம்பெனிப் பெயர் இருக்கும்வரை நாலாவது ஆள் கவுண்டர் முன்னால் தடுமாறத்தான் செய்வார்.

6

2012 மார்ச்சில் இன்னொரு கதவு திறந்தது. பேயர் கம்பெனியின் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்து மாதம் 2,80,428 ரூபாய். மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை என்று நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கொடுத்து விலையை 8,880 ரூபாய் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு வாரியத்தில் அதை உறுதி செய்தவர் பிரபா ஸ்ரீதேவன். வாரியமே 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. கட்டாய உரிமம் இந்தியாவில் இதுவரை அந்த ஒன்றுதான். 2013 அக்டோபரில் தாசாடினிப் என்ற மருந்துக்குக் கேட்ட இன்னொரு விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

தாசாடினிப் பெயரை நான் மறக்க முடியாது. இமாடினிப் கேட்காமல் போகிறவர்களுக்கு அடுத்து கொடுக்கிற மருந்து அது. 3(டி) பழைய மருந்தின் புது வேஷத்தைத் தடுக்கும். உண்மையிலேயே புதிதாக வருகிற மூலக்கூறை அது ஒன்றும் செய்யாது. 2005க்குப் பின் அப்படிப்பட்ட மருந்துகளுக்கு ஐந்தாம் ஆள் சட்டப்படி வந்து உட்கார்ந்தாயிற்று. அய்யங்கார் எழுப்பிவிட்ட நாற்காலியில், அறுபது வருஷம் கழித்து, அவர் நன்றாகவே சாய்ந்திருக்கிறார். எழுப்புவதற்கான பிரிவுகள் சட்டத்தில் இருக்கின்றன. அவற்றை வாசிக்க ஆள் வேண்டும்.

அந்த வருஷங்களில் ஒவ்வொரு பரிசோதனைத் தாளும் வரும்போது எனக்குள் ஓடியது இந்தக் கணக்குதான். மருந்து கேட்காமல் போனால், அடுத்த மருந்தின் சொந்தக்காரர் யார், அவர் என்ன விலை சொல்வார், விற்க இன்னும் என்ன இருக்கிறது. நோயாளியின் பயம் வேறு. நாலாவது ஆளின் பயம் இது. இதை வெளியே சொல்ல முடியாது. தாயின் உயிருக்குக் கணக்குப் பார்த்தான் என்று ஆகிவிடும். பார்த்தேன். எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு இப்போதும் கேட்கிறது. காப்சூல் நாலு போய் மாத்திரை ஒன்று ஆகிவிட்டது. ராத்திரி சோறு சாப்பிட்டு எழுந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு போட்டுக்கொள்கிறாள். 1602 என்ற எண்ணைப் பற்றி ஒரு நாள் அவளிடம் விளக்கமாகச் சொன்னேன். அகராதி பார்த்த கதையையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்குப்பா அகராதி, எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றாள். நோயாளியிடம் யாரும் கேட்கவில்லை என்பது இந்த வரலாற்றில் நான் சேர்க்க மறந்த விஷயம். இங்கே சேர்த்துவிடுகிறேன்.